இனமுள்ள அடையும் இனமில்லா அடையும்: வீரயுகப் பாடல்களில் தலைவர்தம் அடைமொழிகளும் வரலாற்று வரைவும்

1. ஆய்வுப் பொருள்

வீரயுகப் பாடல்களில் தலைவனின் பெயர் அடைமொழியின்றித் தனித்து வருவது குறைவு. ஹோமரின் இலியட் காப்பியத்தில் அக்கிலீஸ் 'விரைந்த அடிகளையுடைய' அக்கிலீஸ். ஹெக்டர் 'ஒளிரும் தலைக்கவசத்தையுடைய' ஹெக்டர். சங்கப் பாடல்களிலும் செழியன் 'வென்வேற் செழியன்' ஆகவும், 'கொடித்தேர்ச் செழியன்' ஆகவும் வருகிறான். இவ்வடைமொழிகள் எதற்காக அமைந்தன என்னும் வினா ஐரோப்பியச் செவ்வியல் ஆய்வில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலமாகத் தொடர்ந்து வருகிறது. தமிழ் ஆய்விலும் அவ்வினா 1968ஆம் ஆண்டு முதல் இடம்பெற்றுள்ளது.

தமிழில் இவ்வினா இலக்கியத் திறனாய்வோடு நின்றுவிடுவதில்லை. சங்க கால மன்னர்களின் வரிசையை வரலாற்றாசிரியர்கள் அமைத்தது பெரும்பாலும் அடைமொழிகளைக் கொண்டே ஆகும். நெடுஞ்செழியர் எத்தனை பேர், வழுதியர் எத்தனை பேர், குட்டுவர் எத்தனை பேர் என்னும் கணக்குகள் யாவும் பெயருக்கு முன்னர் நிற்கும் தொடர்களை நம்பியே செய்யப்பட்டவை. அத்தொடர்களின் இயல்பைப் பிழைபடக் கொண்டால், இல்லாத மன்னர் தோன்றுவர்; இருவேறு மன்னர் ஒருவராவர். ஆகவே, அடைமொழிகளை வகைப்படுத்துவது சங்க கால வரலாற்று வரைவுக்கு அடிப்படையான பணியாகும்.

அவ்வகைப்பாட்டிற்கு வேண்டிய கருவி நம் இலக்கண மரபிலேயே உள்ளது என்பதும், அதனைக் கையாண்டால் கைலாசபதி, ஜார்ஜ் ஹார்ட் ஆகியோரிடையே எழுந்த கருத்து வேறுபாட்டின் ஒரு பகுதி தெளிவுறும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

2. ஹோமரின் அடைமொழிகளும் மில்மன் பாரியின் ஆய்வும்

ஹோமரின் அடைமொழிகள் சூழலோடு பொருந்தாமல் வருவதைப் பண்டைய அலெக்சாந்திரிய உரையாசிரியர்களே கண்டிருந்தனர். சினங்கொண்டு தன் கப்பல்களின் அருகே அமர்ந்திருக்கும்போதும் அக்கிலீஸ் விரைந்த அடிகளையுடையவனே. கரையேற்றி நிறுத்தப்பட்ட கப்பல்களும் விரைவுடைய கப்பல்களே. பகற்பொழுதிலும் வானம் விண்மீன்கள் நிறைந்த வானமாகவே கூறப்படுகிறது. அடைமொழி அப்பொழுதைய நிலையைக் கூறுவதன்று. பொருளின் நிலையான இயல்பைக் கூறுவது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அமெரிக்கரான மில்மன் பாரி (1902–1935) இதற்கு வேறொரு விளக்கம் தந்தார். 1928ஆம் ஆண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்திற்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், ஹோமரின் மரபுவழி அடைமொழிகளை அவர் யாப்போடு பொருத்தி ஆராய்ந்தார். கிரேக்கக் காப்பிய யாப்பு ஆறு சீர்களாலான அடியை உடையது. குறில் நெடில் அளவு கண்டிப்பானது. அடியில் எஞ்சியுள்ள இடத்தின் அளவே எந்த அடைமொழி வரவேண்டும் என்பதை முடிவு செய்கிறது என்பதை அவர் காட்டினார். ஒடிசியஸ் ஓரிடத்தில் 'பலவும் பொறுத்த' ஒடிசியஸாகவும் மற்றோரிடத்தில் 'சூழ்ச்சி பல வல்ல' ஒடிசியஸாகவும் வருவது, அவ்விடங்களில் அவன் பொறுமை காட்டினான் அல்லது சூழ்ச்சி செய்தான் என்பதற்காக அன்று; அடியின் இறுதியில் எஞ்சிய அசைகள் வேறுபட்டமையாலேயே ஆகும். மேலும், ஒரே யாப்பளவுக்கு ஒரு தலைவனுக்குப் பெரும்பாலும் ஓர் அடைமொழியே உண்டு. இதனை அவர் சிக்கனம் எனக் குறித்தார். இத்தகைய சிக்கனமான அமைப்பைத் தனியொரு புலவர் படைத்திருக்க இயலாது. தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த மரபே அதனை உருவாக்கியிருக்க வேண்டும் என்பது அவர் முடிபு.

அடைமொழிகளுள் ஒரு தலைவனுக்கே உரியவை, எவர்க்கும் பொதுவாய் வருபவை என்ற பாகுபாட்டையும் அவர் செய்தார். 'மாந்தர்தம் தலைவன்' என்பது அகமெம்னோனுக்கே உரியது என்று தோன்றும். ஆயினும் அது ஹோமரின் காப்பியத்தில் வேறு ஐவர்க்கும் வருகிறது. அவர்கள் பெயர்களும் அகமெம்னோன் பெயர் நிற்கும் இடத்தில் யாப்பளவால் பொருந்துபவை. இச்சான்று நம் ஆய்வுக்கு முக்கியமானது. ஓர் அடைமொழி ஒருவனுக்குப் பலமுறை வருவதனால் மட்டும் அஃது அவனை அடையாளங்காட்டும் என்று கொள்ள இயலாது.

1933 முதல் 1935 வரை யுகோஸ்லாவியாவில் எழுத்தறியாப் பாடகர்களின் பாடல்களை மில்மன் பாரி ஒலிப்பதிவும் எழுத்துப்பதிவும் செய்தார். அவதோ மெதெதோவிச் என்னும் பாடகர் பன்னிரண்டாயிரம் அடிகளுக்கு மேற்பட்ட ஒரு பாடலை அவருக்குச் சொல்லியிருக்கிறார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960இல் வெளியிட்ட 'கதைகளின் பாடகன்' என்னும் நூல் இவ்வாய்வை உலகறியச் செய்தது. பின்வந்தோர் இக்கோட்பாட்டின் கடுமையைத் தளர்த்தினர். ஜான் மைல்ஸ் ஃபோலி, அடைமொழி வெறும் இடநிரப்பி அன்று, மரபில் அத்தலைவனைப் பற்றி அறியப்பட்ட அனைத்தையும் கேட்போர் நினைவுக்குக் கொணர்வது என்றார். எனினும் அடைமொழியின் தெரிவில் யாப்புக்குப் பெரும் பங்குண்டு என்பதை எவரும் மறுத்திலர்.

3. கைலாசபதியும் ஹார்ட்டும்

இலங்கை அறிஞர் க. கைலாசபதி (1933–1982) பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்தார். அவ்வாய்வேடு 1968இல் ஆக்ஸ்போர்டில் 'தமிழ் வீரயுகப் பாடல்கள்' எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வெளிவந்தது. சாட்விக், பௌரா ஆகியோரின் வீரயுகக் கோட்பாட்டையும் மில்மன் பாரியின் வாய்மொழி யாப்புக் கோட்பாட்டையும் சங்கப் பாடல்களுக்கு முறையாகப் பொருத்திக் காட்டிய முதல் நூல் அதுவே. பாணர், பொருநர், விறலியர் ஆகியோரின் மரபில் தோன்றிய வாய்மொழிப் பாடல்கள் இவை என்பதும், மீண்டும் மீண்டும் வரும் தொடர்களும் அடைமொழிகளும் அதற்குச் சான்று என்பதும் அவர் வாதம். தமிழகத்திற்கு வெளியே பணிபுரியும் எம்மனோர் பலர், ஒப்பியல் நோக்கில் சங்கப் பாடல்களை முதலில் அணுகியது இந்நூலின் வழியாகவே என்பது மிகையன்று.

1975இல் ஜார்ஜ் ஹார்ட் இதனை மறுத்தார். சங்கப் பாடல்களைப் பாடிய புலவர்கள் எழுத்தறிவுடையோர்; பாணரின் வாய்மொழி மரபைப் பின்பற்றித் தம் செய்யுட்களை இயற்றியவர்கள்; ஆகவே பாடல்களில் வாய்மொழிக் கூறுகள் இருப்பினும் பாடல்கள் வாய்மொழியாக இயற்றப்பட்டவை அல்ல என்பது அவர் கருத்து. 2001இல் ஹெர்மன் டீக்கன் இன்னும் கடந்து சென்று, இப்பாடல்களே பிற்காலப் பாண்டியர் காலத்தில் பழமையின் சாயலில் இயற்றப்பட்டவை என்று எழுதினார்.

இவ்விவாதத்தில் அடைமொழி பலமுறை எடுத்தாளப்பட்டிருப்பினும், பாடலின் உள்ளே வரும் அடைமொழியும் பாடலின் கீழ்வரும் கொளுவில் உள்ள அடைமொழியும் போதிய அளவு வேறுபடுத்தப்படவில்லை. இவ்விரண்டும் தோற்றத்தாலும் பயனாலும் வேறானவை.

4. இலக்கண மரபு தரும் பாகுபாடு

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், பண்புச்சொல் பெயரோடு சேர்ந்து வரும் முறையைக் கூறுமிடத்து ஒரு நுண்ணிய விதியைத் தருகிறது. தன் இனத்தைச் சேர்ந்த பிறவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சுட்டாத பண்பு அடை, உலக வழக்குக்கு உரியதன்று; செய்யுளுக்கு உரியது என்பது அவ்விதி. செஞ்ஞாயிறு என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. கருஞாயிறு என ஒன்று இல்லாமையால், செம்மை என்னும் அடை ஞாயிற்றைப் பிறிதொரு ஞாயிற்றினின்று பிரிப்பதற்காக வரவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நன்னூல் இனமுள்ள அடை, இனமில்லா அடை என்னும் இருவகையையும் ஏற்று, இரண்டும் இருவழக்கிலும் வரும் என விரிவுபடுத்தியது.

ஹோமரின் அடைமொழிகளுட் பெரும்பாலானவை இனமில்லா அடைகள் என்பது வெளிப்படை. விரைந்த அடிகளையுடைய அக்கிலீஸுக்கு மாறாக மெல்ல நடக்கும் அக்கிலீஸ் என வேறொருவன் இல்லை. ஆனால், பெயர் ஒன்றாக இருக்குமிடத்தில் ஹோமரும் இனமுள்ள அடையைக் கையாள்கிறார். இலியட் காப்பியத்தில் அயாஸ் என்னும் பெயருடைய வீரர் இருவர் உளர். ஒருவன் தெலமோனின் மகன். மற்றவன் ஒயிலியஸின் மகன். தந்தை பெயரே இருவரையும் பிரிக்கிறது. ஆகவே கிரேக்கம், தமிழ் என்னும் மொழி வேறுபாடு இங்கு முதன்மையானதன்று. பெயர் பலர்க்குப் பொதுவாகும்போது எம்மரபிலும் பிரித்துக்காட்டும் அடை தேவையாகிறது.

தமிழில் இத்தேவை மிகப் பெரிது. மூவேந்தர் குடிகளில் குடிப்பெயர்களே மன்னர் பெயர்களாக மீண்டும் மீண்டும் வந்தன. செழியன், வழுதி, மாறன், கிள்ளி, சென்னி, வளவன், குட்டுவன், பொறையன், கோதை என்பன பலர் தாங்கிய பெயர்கள். இத்தகைய சூழலில் எந்த அடை பிரித்துக்காட்டுகிறது, எந்த அடை சிறப்பித்து மட்டும் நிற்கிறது என்பதைக் காண்பதே வரலாற்றாசிரியரின் முதற்பணி.

5. தலையாலங்கானத்துச் செழியன்

புறநானூற்றுக் கொளுக்கள் நெடுஞ்செழியர் இருவரை வேறுபடுத்துகின்றன. ஒருவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். அவன் பாடியதாக 183ஆம் பாடல் உள்ளது. மற்றவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். அவன் பாடியது 72ஆம் பாடல். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சிக்குத் தலைவனும் இவனே.

தலையாலங்கானத்துப் போரைக் குறிக்கும் இரு பாடல்களை ஒப்பிடுவோம். குடபுலவியனார் பாடிய புறநானூறு 19, போர் நிகழ்ந்த இடத்தைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. ஆனால் மன்னனை விளிக்கும்போது 'வென்வேற் செழிய' என்றே விளிக்கிறது. நக்கீரர் பாடிய அகநானூறு 36, அப்போரில் தோற்ற எழுவரையும் பெயர் கூறி வரிசைப்படுத்துகிறது. அங்கு வென்றவன் 'கொடித்தேர்ச் செழியன்'. இரு பாடல்களிலும் போர் நிகழ்ச்சி வாக்கியத்தின் பொருளாக உள்ளது. மன்னனின் பெயரோடு ஒட்டிய அடையாக இல்லை. பெயரோடு ஒட்டியவை வேலும் தேரும் ஆகிய பொதுச் சிறப்புகள். அவை எம்மன்னனுக்கும் பொருந்துவன. ஆகவே இனமில்லா அடைகள். போர்ச் செய்தியைச் சுருக்கிப் பெயருக்கு அடையாக்கியது கொளு. அவ்வடைதான் இந்நெடுஞ்செழியனை மற்ற நெடுஞ்செழியனிடமிருந்து பிரிக்கிறது.

மில்மன் பாரி கூறிய சிக்கனம் இங்கு இல்லை என்பதும் கருதத்தக்கது. அகவல் யாப்பில் ஈரசைச் சீர்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதற்குக் கிரேக்க யாப்பில் உள்ளது போன்ற தடை இல்லை. 'வென்வேல்' தேமா, 'கொடித்தேர்' புளிமா. எதுவும் எங்கும் வரலாம். அகநானூற்றுப் பாடலில் 'கொடித்தேர்' வந்தமைக்கு, அது அவ்வடியின் முதற்சீரோடு மோனையாக இயைவது ஒரு காரணமாகலாம். அதாவது, தெரிவு யாப்பின் கட்டாயத்தால் அன்றி, தொடையின் இனிமையாலும் புலவரின் விருப்பத்தாலும் அமைகிறது.

இப்போரின் நினைவு நெடுங்காலம் நிலைத்தது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, பாண்டியரின் முன்னோர் செயல்களுள் தலையாலங்கானத்து வெற்றியையும் கூறுகிறது. ஆனால் அங்குத் தோற்றவர் இரு வேந்தரே. ஐந்து வேளிர் மறைந்துவிட்டனர். பாடலில் எழுவராக இருந்த பகைவர், அரச மரபின் நினைவில் இருவராகச் சுருங்கினர். போரின் பெயர் மட்டும் மாறாமல் நின்றது. பிரித்துக்காட்டும் அடையாக அமைந்த செய்தி எவ்வளவு உறுதியாக நிலைக்கிறது என்பதற்கும், அதன் உள்ளீடு எவ்வாறு காலத்தால் மாறுகிறது என்பதற்கும் இஃது ஒருங்கே சான்றாகும்.

6. துஞ்சிய இடத்தால் பெயர் பெற்றோர்

கொளு அடைமொழிகளின் இயல்பை ஐயத்திற்கிடமின்றிக் காட்டுவன, மன்னன் இறந்த இடத்தைக் கூறும் அடைகளாகும். கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி, இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன் எனப் பலர் இவ்வாறு குறிக்கப்படுகின்றனர். உயிரோடிருக்கும் மன்னனை முன்னிலைப்படுத்திப் பாடும் புலவர் அவன் இறக்கப்போகும் இடத்தால் அவனை அழைத்திருக்க இயலாது. எனவே இவை பாடல் தோன்றிய காலத்தில் உடன் தோன்றியவை அல்ல.

இதனைப் புறநானூறு 245 மேலும் உறுதிப்படுத்துகிறது. மனைவியை இழந்த சேர மன்னன் ஒருவன் தானே பாடிய கையறுநிலைப் பாடல் அது. கொளு அவனைச் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்கிறது. மனைவி இறந்தும் தான் உயிர் வாழ்வதை எண்ணி வருந்திப் பாடிய ஒருவனை, அவன் துஞ்சிய இடத்தால் அடையாளப்படுத்துகிறது அக்குறிப்பு. பாடியவனுக்கும் குறிப்பெழுதியவனுக்கும் இடையே அவனது இறப்பேனும் கடந்திருக்க வேண்டும். 'மாக்கோதை' என்ற பெயர் பொறித்த பழங்காசுகள் கரூர்ப் பகுதியிற் கிடைத்துள்ளன. காசு வெளியிட்டவனும் பாடல் பாடியவனும் ஒருவனே என்பதைக் காசு நிறுவாது. ஆனால் வாழும் மன்னனின் காசில் பெயர் மட்டும் நிற்பதும், பின்னோர் குறிப்பில் அடைமொழி சேர்வதும் நோக்கத்தக்கவை.

இவ்வழக்கின் தொடர்ச்சியைச் சோழர் கல்வெட்டுகளில் காணலாம். சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனவும், முதலாம் ஆதித்தன் தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார் எனவும் இறந்தபின் குறிக்கப்பட்டனர். இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்கள் மாறி மாறி வந்தமையால், பட்டத்தைக் கொண்டு மட்டும் மன்னனை அறிய இயலாது. முதலாம் பராந்தகன் 'மதிரை கொண்ட' கோப்பரகேசரி ஆனதும் இப்பின்னணியிலேயே. இவ்வடைகள் நிலவுரிமை, அறக்கட்டளை முதலியவற்றைப் பதிவு செய்வோருக்கு வேண்டியவை. கொளுவின் அடைமொழிகள் வீரனைப் புகழும் பாணன் மரபைவிட, மன்னரை ஐயமற வேறுபடுத்த விரும்பும் பதிவாளர் மரபுக்கே நெருக்கமானவை.

7. முதுகுடுமியின் வேள்விச்சாலைகள்

கொளு பிற்பட்டது என்பதனால் அதன் செய்தி புனைவு என்று முடிவு செய்வது பிழை. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் அடைமொழி இதற்குத் தக்க சான்று.

புறநானூறு 6, 9, 64 ஆகிய பாடல்களின் உள்ளே இவன் பெயர் 'குடுமி' என்றே வருகிறது. 15ஆம் பாடலில் நெட்டிமையார், இவனிடம் தோற்று நாணியோர் பலரா, இவன் வேள்வித்தூண் நாட்டிய களங்கள் பலவா என்ற பொருளில் வினவுகிறார். இங்கு வேள்விகளின் பன்மை புகழுரையின் பொருளாக உள்ளது, அடைமொழியாகவில்லை. மதுரைக்காஞ்சி, பிற்பட்ட ஒரு பாண்டியனுக்கு முன்னோனாக இவனைக் காட்டும்போது, 'பல்சாலை முதுகுடுமி' என்கிறது. இங்குப் புகழ்ச்செய்தி அடையாகச் சுருங்கிவிட்டது. அவன் இப்பொழுது நினைவுகூரப்படும் முன்னோன். ஆகவே அவனை வேறுபடுத்தும் தேவை எழுந்துள்ளது. கொளுவில் அது 'பல்யாகசாலை' என வடசொல் சேர்ந்து விரிவடைகிறது.

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெடுஞ்சடையன் பராந்தகனின் மூன்றாம் ஆட்சியாண்டில் வெளியான வேள்விக்குடிச் செப்பேட்டில் இம்மன்னன் மீண்டும் தோன்றுகிறான். கொற்கைகிழான் நற்கொற்றன் வேள்வி செய்து முடித்த இடத்தை முதுகுடுமி அவனுக்குக் கொடையாக அளித்தான் என்றும், களப்பிரர் காலத்தில் அவ்வூர் பறிக்கப்பட்டது என்றும், அவ்வழியில் வந்தவன் பாண்டியனிடம் முறையிட்டுப் பழைய கொடையை மெய்ப்பித்து ஊரை மீட்டான் என்றும் அச்செப்பேடு கூறுகிறது. இங்கு வேள்வியோடு தொடர்புற்ற அடைமொழி ஓர் ஊரின் உரிமைக்குத் துணை நிற்கிறது. புகழுரையில் தொடங்கிய ஒரு செய்தி, மரபின் நினைவாகி, பின்னர் வழக்காடும் சான்றாக வளர்ந்த வரலாற்றை நான்கு நிலைகளில் நாம் தொடர முடிகிறது. அடைமொழி வளர்ந்தது உண்மை. ஆனால் அதன் வித்து பழைய பாடலில் உள்ளது.

8. கல்வெட்டுகளின் சான்று

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குகைக் கல்வெட்டு, நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி அமைத்துக் கொடுத்த பள்ளியைக் குறிக்கிறது. ஐராவதம் மகாதேவன் இதனைக் கிறித்துவுக்கு முற்பட்ட இரண்டாம் நூற்றாண்டினதாகக் கொண்டார். சங்க இலக்கியத்தில் வரும் ஒரு பெயர் கல்லில் கிடைத்தது பெரும் மகிழ்ச்சியளித்த செய்தி. ஆனால் இவன் எந்த நெடுஞ்செழியன் என்பதற்குக் கல்வெட்டு விடை தரவில்லை. தன் காலத்து மன்னனை எல்லோரும் அறிந்திருந்தமையால், செதுக்கியவனுக்குப் பிரித்துக்காட்டும் அடை தேவைப்படவில்லை. கொளுவில் உள்ள இருவருள் ஒருவனோடு இவனை இணைக்கும் முயற்சி எதுவும் கல்வெட்டில் இல்லாத ஒன்றை அதில் ஏற்றுவதாகும்.

கரூரை அடுத்த புகலூர்க் கல்வெட்டுகள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறை அங்குக் குறிக்கப்படுகிறது. பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் தலைவர்களோடு இவர்கள் ஒப்பிடப்படுகின்றனர். தகடூர் எறிந்த என்னும் அடை கல்லில் இல்லை. தந்தை மகன் உறவே அடையாளமாகிறது. ஹோமர் இரு அயாஸ் வீரர்களைத் தந்தை பெயரால் பிரித்த முறை இங்கு நினைவுக்கு வரும். 1981இல் கண்டறியப்பட்ட சம்பைக் கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் 'ஸதியபுதோ' என்னும் பட்டத்தோடு வருகிறது. அசோகரின் கல்வெட்டுகள் அறிந்த அப்பட்டம் அவன் குடியைக் குறிப்பது. அவன் வீரச்செயல் எதையும் குறிப்பதன்று.

கல்வெட்டு, காசு ஆகியவற்றில் பெயர், குடி, உறவு ஆகியன மட்டும் வருதல். பாடலின் உள்ளே பெயரும் பொதுச் சிறப்படையும் வருதல். கொளுவில் செயலும் இறந்த இடமும் பிரிக்கும் அடைகளாக வருதல் என்னும் இம்மூன்று நிலைகள் ஓர் ஒழுங்கைக் காட்டுகின்றன. பாடலின் உள்வழக்கு கொளுவைவிடக் கல்லுக்கும் காசுக்கும் நெருக்கமானது. பாடல்களும் கொளுக்களும் ஒரே பிற்காலத்தில் ஒருங்கே புனையப்பட்டவை என்று கொள்வோர் இவ்வேறுபாட்டிற்கு விளக்கம் கூறக் கடமைப்பட்டுள்ளனர்.

9. புதுமையைப் போற்றிய மரபு

மில்மன் பாரியின் கோட்பாட்டைத் தமிழுக்குப் பொருத்துவதில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. பதிற்றுப்பத்தின் ஒவ்வொரு பாடலுக்கும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என்னும் நான்கும் குறிக்கப்பட்டுள்ளன. இவற்றுள் பெயர் என்பது அப்பாடலில் வரும் சிறந்த தொடர் ஒன்றே ஆகும். குறுந்தொகையில் இயற்பெயர் தெரியாத புலவர் சிலர், செம்புலப்பெயனீரார் என்பது போலத் தாம் ஆண்ட தொடராலேயே பெயர் பெற்றனர். தொகுத்தோரும் பயின்றோரும் பிறர் சொல்லாத தொடரைத் தேடிப் போற்றினர் என்பதற்கு இவை சான்று. எல்லோர்க்கும் பொதுவான தொடரால் பாடலுக்குப் பெயரிடுவதில் பயனில்லை.

எனினும் பொதுத்தொடர்கள் இல்லாமல் இல்லை. 'வென்வேல்', 'நெடுந்தேர்', 'பசும்பூண்' போன்றவை பலர்க்கும் வருகின்றன. பாணர் மரபின் சொற்களஞ்சியம் புலவர்க்குக் கிடைத்திருந்தது என்னும் அளவில் கைலாசபதியின் கருத்து வலியுடையது. அக்களஞ்சியத்தை யாப்பின் கட்டாயமின்றித் தம் தெரிவால் புலவர் கையாண்டனர் என்னும் அளவில் ஹார்ட்டின் கருத்து வலியுடையது. முன்னவர் சொல்லின் தோற்றத்தைக் கண்டார். பின்னவர் சொல்லின் ஆட்சியைக் கண்டார். இனமில்லா அடைகளே இவ்விவாதத்திற்கு உரியவை. கொளுவின் இனமுள்ள அடைகள் வாய்மொழிக் கோட்பாட்டிற்குச் சான்றாகவும் ஆகா, மறுப்பாகவும் ஆகா.

10. முடிவுரை

இவ்வாய்விலிருந்து வரலாற்று வரைவுக்குரிய நெறிகள் மூன்று பெறப்படுகின்றன.

முதலாவது, பாடலுக்குள் வரும் பொதுச் சிறப்படையைக் கொண்டு தனி மன்னனைப் படைக்கலாகாது. 'பசும்பூண் பாண்டியன்' என்னும் தொடரைத் தனி மன்னன் ஒருவனின் பெயராகக் கொள்ளும் போக்கு உண்டு. பசும்பொன் அணி பூணுதல் பாண்டியர் எவர்க்கும் பொருந்துவது. அதே அடை வழுதி என்னும் பெயரோடும் நற்றிணையில் வருகிறது. வேறு சான்று இல்லாதவிடத்து அதனை இனமில்லா அடையாகவே கொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, கொளுவின் அடையைப் பாடலின் சான்றோடு ஒத்துநோக்கியே ஏற்க வேண்டும். முதுகுடுமியின் வேள்வியும் தலையாலங்கானத்துப் போரும் பாடலிலேயே வேரூன்றியவை. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்துத் தலைவனான கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவனின் கடற்போர் பரணரின் பாடல்களிலேயே உண்டு. ஆனால் அப்பத்தின் பதிகம் கூறும் கண்ணகிக் கல்லின் செய்தி, பத்துப் பாடல்களுள் எதிலும் இல்லை. இவ்விரு செய்திகளும் ஒரே தரத்தன அல்ல.

மூன்றாவது, கல்வெட்டில் அடையின்றி வரும் பெயரைக் கொளுவின் அடையுடைய பெயரோடு உடனே இணைத்தல் தகாது. உறவுமுறை, இடம், எழுத்தமைதி ஆகியவற்றுள் ஒன்றேனும் துணைநிற்க வேண்டும்.

உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் 1904இல் பதிற்றுப்பத்தையும் பதிப்பித்தபோது, பாடலையும் கொளுவையும் பதிகத்தையும் தனித்தனியே தெளிவாகக் காட்டி அச்சிட்டார். அவர் பிரித்துத் தந்ததைப் பின்வந்த வரலாற்று நூல்கள் பல ஒன்றாகக் கலந்து வாசித்தன. இன்று சங்கப் பாடல்கள் மின்வடிவில் சொல்லடைவுகளோடு கிடைக்கின்றன. ஒவ்வோர் அடைமொழியும் பாடலின் உள்ளே உள்ளதா, கொளுவில் உள்ளதா, பதிகத்தில் உள்ளதா, கல்லிலோ காசிலோ உள்ளதா எனக் குறித்து, இனமுள்ளது, இனமில்லாதது என வகுத்து, முழுமையான அடைவு ஒன்றை ஆக்குதல் இன்று இயலக்கூடிய பணி. பல நாடுகளிலும் பணியாற்றும் தமிழ் ஆய்வாளரும் தமிழகம், இலங்கை ஆகியவற்றின் கல்வெட்டறிஞரும் கூடிச் செய்யத்தக்க அப்பணியை இம்மாநாட்டின் கருத்துக்கு முன்வைக்கிறேன்.